படிவம் ஒன்றில் நுழையும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது யார்?

படிவம் ஒன்று தொடங்கி இரண்டாவது வாரம். ஆங்கிலப் பாடநூலைத் திறக்கச் சொல்கிறார் ஆசிரியர். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த ஒரு மாணவனை எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்கிறார். அவன் எழுந்து நிற்கிறான். முதல் வரியில் நான்கு சொற்கள் வருகின்றன. ஐந்தாவது சொல்லில் நின்றுவிடுகிறான். பக்கத்தில் இருப்பவன் மெல்லச் சொல்லிக் கொடுக்கிறான். அடுத்த வரியில் மறுபடியும் நிற்கிறான். வகுப்பில் யாரோ சிரிக்கிறார்கள். ஆசிரியர் கருணையோடு "பரவாயில்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை எழுப்புகிறார்.

அன்றோடு அவன் வாய் மூடிக்கொள்கிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவன் ஆங்கிலம் வாசிப்பதை யாரும் உட்கார்ந்து கேட்கப் போவதில்லை.

இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்வதிலும் பொருளில்லை. வகுப்பில் 35 பேர், சில பள்ளிகளில் 40 பேர். முடிக்க வேண்டிய பாடத்திட்டம் ஒரு பக்கம், நிரப்ப வேண்டிய பாரங்கள் மறுபக்கம். அவர் பயிற்சி பெற்றது இலக்கணமும் கட்டுரையும் இலக்கியமும் கற்பிப்பதற்கு. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லும் பயிற்சி ஆரம்பப்பள்ளியிலேயே முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் படிவம் ஒன்றின் பாடத்திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஆரம்பப்பள்ளி ஆசிரியரைக் கேட்டால், எழுத்தும் சொல்லும் சொல்லிக்கொடுத்தோம், மற்றது இடைநிலைப்பள்ளியில் தானாக வந்துவிடும் என்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் பிள்ளை நிற்கிறது.

அரசாங்கம் இந்த இடைவெளியை அறியாமல் இல்லை. 2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டம் ஒன்றாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. 2013-இல் அதில் ஆங்கிலமும் சேர்க்கப்பட்டது. அது நல்ல எண்ணம்தான். ஆனால், மூன்றாம் ஆண்டோடு சோதனை முடிந்துவிட்டது. அந்த வலையில் சிக்காமல் போன பிள்ளையை 13 வயதில் தேடிப் பிடிக்க வேறு வலை இல்லை.

மணி அடிக்காத பள்ளி

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022-இல் படிவம் மூன்றின் பி.தி.3 தேர்வும் நிறுத்தப்பட்டன. இன்று படிவம் ஐந்தில் அமர்ந்திருக்கும் மாணவன் வாழ்க்கையில் ஒரு பொதுத்தேர்வையும் எழுதாதவன். அவன் எழுதப்போகும் முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். போதாக்குறைக்கு, ஆரம்பப்பள்ளியின் மேல் வகுப்புகளில் இருந்தபோது கோவிட் தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தது. வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, மூன்று பிள்ளைகள் என்றிருந்த குடும்பங்களில் அந்த மாதங்களில் எவ்வளவு ஆங்கிலம் வாசித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

யூ.பி.எஸ்.ஆர். திரும்பி வர வேண்டும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தத் தேர்வு பிள்ளைகளை எவ்வளவு வாட்டியது என்பதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், அது போகும்போது எச்சரிக்கை மணியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. ஆங்கிலத்தில் 'டி' வந்தால் வீட்டில் கலவரம் நடக்கும், மறுநாளே டியூஷன் தேடுவார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் 1 முதல் 6 வரை அடைவுநிலை தரப்படுகிறது. 'அடைவுநிலை 3' என்று பார்க்கும் பெற்றோர் பெரும்பாலும் நிம்மதியாகக் கையெழுத்திடுகிறார்கள். தம் பிள்ளையால் ஒரு பக்க ஆங்கிலத்தை யார் துணையும் இல்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு எஸ்.பி.எம். நேரடியாகப் பதில் கேட்கிறது. 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் 1119 ஆங்கிலப் பாடம் சி.இ.எஃப்.ஆர். எனும் ஐரோப்பிய மொழி அளவுகோலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். நான்குக்கும் சம மதிப்பு. முதல் தாளான வாசிப்பில் ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள். அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி என்று எளிதாகத் தொடங்கி, போகப் போக நீண்ட கட்டுரைக்கு வந்து சேரும். அதில் ஒரு பகுதி, கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட வாக்கியங்களை அவற்றுக்குரிய இடத்தில் பொருத்தச் சொல்கிறது. முன்னும் பின்னும் என்ன சொல்லப்படுகிறது என்று புரியாதவனால் அதைச் செய்ய முடியாது. வாசிப்பு முதல் தாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. எழுத்துத் தாளின் முதல் பகுதியே ஒரு மின்னஞ்சலை வாசித்துப் பதில் எழுதுவதுதான். மின்னஞ்சலில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதும் பதில், இலக்கணப் பிழை இல்லாமல் இருந்தாலும் பதிலாகாது.

எஸ்.பி.எம்.மைத் தாண்டினாலும் இதே சுவர்தான். மெட்ரிகுலேஷனில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மூவெட் வேண்டும்; அதிலும் வாசிப்புத் தாள் உண்டு. உயர்கல்விக்குப் போகாதவனுக்கும் தப்ப வழியில்லை. தொழிற்சாலையில் இரசாயனத் தோம்பின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் குறிப்பு, நிறுவனத்தின் நியமனக் கடிதம், காப்புறுதிப் பத்திரத்தின் பொடி எழுத்து எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படிக்காமல் கையெழுத்திட்டு மாட்டிக்கொண்டவர்களின் கதை ஒவ்வொரு தாமானிலும் ஒன்றிரண்டு உண்டு.

ஆங்கிலம் மட்டும்தானா?

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வாசிப்பு தளர்ந்திருப்பது தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் அனைத்துலக பீசா ஆய்வில் 2018-இல் மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 415. 2022-இல் அது 388-க்கு இறங்கியது. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 476. வாசிப்பில் அடிப்படைத் தகுதியான இரண்டாம் நிலையை எட்டிய மலேசிய மாணவர்கள் 42 விழுக்காடுதான். 2024 ஏப்ரலில் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையும், ஐந்தாம் ஆண்டை முடிக்கும் மலேசியப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் வாசிப்பில் எதிர்பார்க்கும் தேர்ச்சியை அடைவதில்லை என்றது.

இவை ஆங்கிலத் தேர்ச்சியை அளக்கும் ஆய்வுகள் அல்ல. வாசித்ததைப் புரிந்துகொள்ளும் திறனைப் பற்றியவை. ஆங்கிலம் பலவீனம் என்று பேசும்போது, அதற்கு அடியில் இருக்கும் வாசிப்புப் பலவீனம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அதனால்தான் 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றிய பி.பி.எஸ்.எம்.ஐ. வந்தபோதும், அது 2012 முதல் கட்டங்கட்டமாகக் கைவிடப்பட்டபோதும், 2016-இல் டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் வந்து மறு ஆண்டு தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றிப் பெரிய போராட்டமே நடந்தபோதும், விவாதம் எல்லாம் எந்த மொழியில் படிப்பது என்பதிலேயே நின்றது. தமிழ்ப்பள்ளியின் தன்மையைக் காக்க நடந்த அந்தப் போராட்டம் தேவையற்றது என்று சொல்ல முடியாது. ஆனால், இரு தரப்பும் கொட்டிய உழைப்பில் பத்தில் ஒரு பங்காவது, பிள்ளைகள் ஒரு பக்கத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்ப்பதில் செலவழிந்திருக்கலாம்.

மூன்று மொழி, இரண்டு எழுத்து, ஒரு குழப்பம்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. தேசிய ஆரம்பப்பள்ளியைவிடத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் பாட நேரம் குறைவு. தமிழுக்கும் மலாய்க்கும் இடம் கொடுத்தாக வேண்டுமே. நேரம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அது எழுத்து.

தமிழ் எழுத்து பிள்ளையை ஏமாற்றுவதில்லை. 'க'வும் 'ச'வும் இடத்துக்கு ஏற்பக் கொஞ்சம் ஒலி மாறினாலும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் எதையும் வாசித்துவிடலாம். அடுத்து அவன் கற்கும் மலாயும் அப்படியே. ரோமன் எழுத்துகள்தான், ஆனால், ஒலி பெரும்பாலும் மாறாது. இப்படி இரண்டு நாணயமான எழுத்து முறைகளுக்குப் பழகிய பிள்ளை, அதே ரோமன் எழுத்துகளில் ஆங்கிலத்தைச் சந்திக்கிறது. அங்கே கணக்கு எல்லாம் தவறிப் போகிறது.

கேக் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை மலாய் ஒலியில் வாசித்தால் 'சாக்கெ' என்று வரும். காற்றைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை மலாயில் வாசித்தால் 'ஆயேர்', அதாவது தண்ணீர். முதன்மை என்று பொருள்படும் 'மெயின்', மலாயில் 'மாயின்' ஆகி விளையாட்டாகிவிடுகிறது. ரொட்டியில் தடவும் ஜாம் மலாயில் மணிக்கணக்கு. இப்படி வாசிக்கும் பிள்ளையை மந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது தனக்குச் சொல்லிக்கொடுத்த விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறது. இந்த மொழியில் விதி வேறு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லின் கடைசியில் வரும் 'இ' எழுத்து ஒலிக்காது, ஆனால் முன்னால் இருக்கும் உயிரெழுத்தை நீட்டும் என்ற ஒரு விதியைத் தெளிவாகப் புரிய வைத்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே வாரத்தில் வாசிக்க வந்துவிடும். 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்' என்று ஒரே நான்கு எழுத்துக் கூட்டம் நான்கு விதமாக ஒலிக்கும் சொற்களும் உண்டு. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். இதெல்லாம் ஏழு வயதுப் பாடம் என்று 13 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வெட்கப்படுவதால்தான் அவன் 17 வயதிலும் அதே இடத்தில் நிற்கிறான்.

மலாய் கைகொடுக்கும் இடங்களும் நிறைய. 'டெக்னோலோகி', 'எக்கோனோமி', 'யுனிவர்சிட்டி' என்று மலாய்ப் பாடநூலில் தினமும் பார்க்கும் சொற்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம் முகம் மாறி நிற்கின்றன. இதைச் சுட்டிக்காட்டினால் மாணவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்த பக்கத்தில் பத்துச் சொற்களை அடையாளம் கண்டுகொள்வான்.

அடுத்த முட்டுக்கட்டை, சின்னச் சின்ன இணைப்புச் சொற்கள். பெரிய சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்றால் மாணவன் அகராதியைத் தேடுவான், அல்லது கைத்தொலைபேசியில் பார்ப்பான். 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'ஹவெவர்' போன்றவற்றை மட்டும் பார்க்காமலே தாண்டிவிடுகிறான். தமிழில் 'இருந்தாலும்', 'ஒழிய', 'வரை' எல்லாம் சொல்லின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அவை வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும். "மேற்பார்வையாளர் உடன் இருந்தால் ஒழிய இந்த இயந்திரத்தை இயக்காதே" என்ற அறிவிப்பில் 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியும். எஸ்.பி.எம். வாசிப்புத் தாளின் கேள்விகளில் பல இந்த மாதிரிச் சொற்களைச் சுற்றியே சுழல்கின்றன.

இன்னொன்று பின்னணி. ஆங்கிலப் பாடத்தை சி.இ.எஃப்.ஆருக்கு மாற்றியபோது, 2018 வாக்கில் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்கள் பள்ளிகளுக்கு வந்தன. பிள்ளைகளுக்குத் தெரியாத பண்பாட்டைச் சொல்லும் நூல்கள் என்று அப்போதே சர்ச்சை எழுந்தது. வெளியுலகத்தைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால், சொல்லும் புதிது, வாக்கிய அமைப்பும் புதிது, பேசப்படும் சங்கதியும் புதிது என்றால் தட்டுத் தடுமாறும் வாசகன் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவான்? பால்மரமும் செம்பனையும் கோயில் திருவிழாவும் வரும் ஒரு பக்க ஆங்கிலக் கதையைக் கொடுத்தால் அதே பிள்ளை பாதியை ஊகித்தே வாசித்துவிடும்.

உத்தி உண்டு, வாசிப்பு இல்லை

டியூஷன் நிலையங்கள் நிறைய இருக்கின்றன. ஆங்கிலத்துக்கும் கூட்டம் குறைவில்லை. அங்கே பெரும்பாலும் நடப்பது என்ன? முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள், மாதிரிக் கேள்வித்தாள், விடை சொல்லும் உத்தி. கேள்வியை முதலில் படி, அதில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, கண்டுபிடித்ததும் அந்த வரியைப் பார். ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவனுக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும். தெரியாதவனுக்கு, வாசிக்காமலே வாசித்தது போல நடிக்கக் கற்றுக்கொடுக்கும். கேள்வி அதே சொல்லைப் பயன்படுத்தாமல் வேறு சொல்லால் கேட்ட உடனே உத்தி கைவிட்டுவிடும்.

பள்ளியிலும் நீலாம் என்ற வாசிப்புத் திட்டம் 1999 முதல் இருக்கிறது. எத்தனை புத்தகம் வாசித்தாய் என்று கணக்கு எழுதச் சொல்லும் திட்டம். கணக்கு எழுதத்தான் எழுதுகிறார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் சுருக்கத்தைப் பார்த்து எழுதுவதும், நண்பனின் பதிவைப் பார்த்து எழுதுவதும் எந்த மாணவனுக்கும் தெரியாத கலை அல்ல. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

சமூக அமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. ஆண்டின் இரண்டாம் பாதி வந்தால் கோயில் மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் எஸ்.பி.எம். வழிகாட்டிக் கருத்தரங்குகள் வரிசையாக நடக்கின்றன. பேச்சாளருக்குப் பொன்னாடை, மாணவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம், பெரிய பதாகை, புலனக் குழுவில் படங்கள். ஏற்பாடு செய்பவர்களின் நல்ல மனத்தைச் சந்தேகிக்க முடியாது. கணிதத்திலும் வரலாற்றிலும் அந்த ஒரு நாள் பயிற்சி சிலருக்கு உதவவும் செய்யும். ஆங்கில வாசிப்பு அப்படி ஒரே நாளில் வருவதில்லை. படிவம் ஒன்றில் நின்றுபோனவனைப் படிவம் ஐந்தின் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தூக்கி நிறுத்திவிட எந்தப் பேச்சாளராலும் ஆகாது.

தமிழை விட்டால் ஆங்கிலம் வருமா?

இந்த நெருக்கடியில் பெற்றோர் சிலர் எடுக்கும் முடிவு ஒன்று கவலைக்குரியது. பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்குகிறது, எனவே எஸ்.பி.எம்.மில் தமிழை எடுக்க வேண்டாம், அந்த நேரத்தில் ஆங்கிலம் படிக்கட்டும் என்கிறார்கள். பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே நடப்பதால் விட்டுவிடுவதும் எளிது.

கனடாவின் மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் இறுதியிலேயே இதைப் பற்றி எழுதினார். ஒரு மொழியில் வாசித்துப் பழகிய திறன் இன்னொரு மொழி வாசிப்புக்கும் அடித்தளமாகிறது என்பது அவருடைய கருத்து. தமிழில் ஒரு சிறுகதையை வாசித்து, சொல்லாமல் விட்டதை ஊகித்து, எழுத்தாளர் எதைக் குத்திக்காட்டுகிறார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பின் கடினமான பாதி ஏற்கெனவே கைவந்துவிட்டது. அதற்குக் குறைவது ஆங்கிலச் சொற்களும் எழுத்து விதிகளும்தான். தமிழிலும் வாசிக்காத பிள்ளைக்கு இரண்டு பாதியும் பாக்கி. தமிழை விட்டுக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்துக்குப் போவதில்லை, டிக்டாக்குக்குப் போகிறது என்பதைப் பெற்றோரே அறிவார்கள்.

ஃபிஜி தீவிலிருந்து ஒரு பாடம்

வாசிப்பை எப்படி வளர்ப்பது என்பது கண்டுபிடிக்கப்படாத மருந்து அல்ல. 1980-களின் தொடக்கத்தில், கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் சந்ததியும் பூர்வகுடிகளும் வாழும் ஃபிஜியில், எல்லியும் மங்குபாயும் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கிராமப்புற ஆரம்பப்பள்ளிகளின் 4, 5-ஆம் வகுப்புகளுக்கு, வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்தார்கள். படம் உள்ள, சுவையான, எளிய புத்தகங்கள். தினமும் 20, 30 நிமிடம் வாசிப்பு. சில வகுப்புகளில் ஆசிரியரோடு சேர்ந்து, சிலவற்றில் தனியாக. எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, வழக்கமான பாடம் படித்தவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியது. வீட்டில் ஆங்கிலம் பேசாத, கிராமத்துப் பிள்ளைகள். பக்கத்து நாடான சிங்கப்பூர் 1985-இல் ரீப் என்ற திட்டத்தின் வழி ஏராளமான கதைப்புத்தகங்களைத் தன் ஆரம்பப்பள்ளிகளின் கீழ் வகுப்புகளுக்குள் கொண்டுவந்தது.

மலேசிய இடைநிலைப்பள்ளிக்கு இதை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. 13 வயதுப் பையன் கையில் முயல் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அவன் அதைப் பைக்குள் ஒளித்துக்கொள்வான். அதற்குத்தான் படிநிலை வாசிப்பு நூல்கள் இருக்கின்றன. துப்பறியும் கதை, பேய்க் கதை, விளையாட்டு வீரரின் வாழ்க்கை என்று பெரிய பிள்ளைகளுக்கான சங்கதியை எண்ணி வைத்த எளிய சொற்களில் எழுதியவை. ஆக்ஸ்ஃபோர்ட் புக்வோர்ம்ஸ் வரிசையில் தொடக்க நிலை நூல்கள் 250 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை. முதல் நிலைக்கு 400, இரண்டாம் நிலைக்கு 700. மாணவன் தன் நிலையிலிருந்து ஏறிப் போகலாம்.

எந்த நிலையில் தொடங்குவது என்பதற்கு ஆசிரியர்கள் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்து 100 சொற்களை எண்ணி வாசிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் இரண்டுக்குள் இருந்தால் தனியாக வாசிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் அது வாசிப்பே அல்ல, அகராதிப் பயிற்சி. படிவம் ஒன்று பாடநூலை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு பல வீடுகளில் அதிர்ச்சி தரும்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது இங்கே பெரிய தடை அல்ல. பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்த கதையை இரவு சாப்பாட்டு நேரத்தில் தமிழில் சொல்லச் சொன்னால் போதும். கதை தொடர்ச்சியாக வந்தால் வாசித்திருக்கிறது. "அப்புறம்... அவன் போனான்... என்னமோ ஆச்சு" என்று இழுத்தால் வாசிக்கவில்லை, அல்லது புரியவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வரும் அம்மாவால் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

புதுமுக வகுப்பு என்றொரு வாய்ப்பும் இருக்கிறது. மலாய்மொழியில் தேர்ச்சி குறைந்த தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் ஓர் ஆண்டு அதில் இருக்கிறார்கள். அதைத் தண்டனை போலவும் அவமானம் போலவும் பார்க்கும் பழக்கம் குடும்பங்களில் ஊறிப்போயிருக்கிறது. பாடச் சுமை குறைந்த அந்த ஓர் ஆண்டில் மலாயோடு சேர்த்து ஆங்கில வாசிப்பையும் அடியிலிருந்து கட்டினால், நேராகப் படிவம் ஒன்றுக்குப் போனவனைவிட அந்த மாணவன் உறுதியான காலில் நிற்கலாம். இப்போது அப்படிப் பயன்படுத்தும் பள்ளிகள் அரிது.

2027 முதல் புதிய பள்ளிப் பாடத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. அதில் எத்தனை பாடம், எத்தனை மணி என்ற பேச்சு பலமாக நடக்கிறது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. இப்போதைய திட்டப்படி இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆண்டுக்கு 112 மணி நேரம். 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, மற்றவர் காதில் விழாமல், மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் மொத்தம் 2 மணி நேரம். யாருக்கு எழுத்து ஒலியே தடுமாறுகிறது, யார் சரளமாக உச்சரித்துப் பொருள் தெரியாமல் போகிறார்கள், யாருக்குச் சொல்வளம் மட்டும் போதவில்லை என்பது அந்த 2 மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூவருக்கும் வேண்டிய மருந்து வேறு வேறு.

கேட்பதற்கு ஆள் போதவில்லை என்றால் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். பள்ளி நிர்வாகம் அனுமதித்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரக்கூடியவர்கள்தான். கருத்தரங்கு நடத்தும் அமைப்புகள் மண்டப வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடும் தொகையில் ஒரு வகுப்புக்கு வேண்டிய படிநிலை நூல்களை வாங்கி, பூட்டிய அலமாரியில் வைக்காமல் வகுப்பறையிலேயே வைக்கலாம். கிழியும், சில காணாமல் போகும். காணாமல் போகும் புத்தகத்தை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இந்தியப் பெற்றோர் பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்து, கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "படிவம் ஒன்றுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆங்கிலம் வாசிப்பதைப் பள்ளி எப்போது தனித்தனியாகக் கேட்கப் போகிறது? கேட்பவர் யார்?" என்று மலாயிலேயே கேட்கலாம். கூட்டக் குறிப்பில் அது பதிவாகும். மறு கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.